சம்பளச் சீட்டும் தொழிலாளர் உரிமையும்

நம் தோட்டக் குடும்பங்களிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்றோர் பலர். விடுமுறை நாள்களில் தேக்காவில் கூடும் தொழிலாளர் பேச்சில் அடிக்கடி அடிபடுவது கூலிக் கணக்கே. தோட்டத்துக் கணக்குக்குச் செக்ரோல் எப்படியோ, அங்கே சம்பளச் சீட்டு அப்படி.

2016 ஏப்ரல் 1 முதல், வேலை நியமனச் சட்டத்துக்கு உட்பட்ட ஒவ்வோர் ஊழியருக்கும் விவரமான சம்பளச் சீட்டு வழங்குவது முதலாளியின் கடமையாகும். கையால் எழுதியதாயினும் செல்லும். சம்பளக் காலம் முடிந்த 7 நாள்களுக்குள் சம்பளமும், 14 நாள்களுக்குள் மிகைநேரக் கூலியும் கைக்கு வந்தாக வேண்டும்.

பிடித்தம் என்னும் பகுதியையே நாம் சிறப்பாக வலியுறுத்த விரும்புகிறோம். கையில் கிடைத்த பணத்தை எண்ணிவிட்டுச் சீட்டைக் கசக்கி எறிவோர் உளர். எதற்காக எவ்வளவு பிடிக்கப்பட்டது என்பதற்கு அச்சீட்டே சான்று. பொதுவாக, பிடித்தம் சம்பளத்தில் பாதியைத் தாண்டலாகாது. வேலைக்கு வராத நாள்களுக்கான குறைப்பும் முன்பணமும் இக்கணக்கில் சேரா.

குறை கண்டால் காலந்தாழ்த்தலாகாது. வேலையில் இருப்போர் ஓராண்டுக்குள்ளும், வேலையை விட்டோர் கடைசி வேலை நாளிலிருந்து 6 மாதங்களுக்குள்ளும் கோரிக்கையைப் பதிவு செய்தல் வேண்டும். முதலில் சமரசப் பேச்சு நடைபெறும். அது பலிக்காவிடில், 2017இல் அமைந்த வேலை நியமனக் கோரிக்கை நடுவர் மன்றம் விசாரிக்கும். சங்க உறுப்பினர் தம் சங்கத்தின் துணையை நாடலாம். செல்லும்போது சம்பளச் சீட்டுகள், வேலை ஒப்பந்தம், மிகைநேரத்தைக் குறித்துவைத்த நோட்டுப் புத்தகம் ஆகியவற்றை மறவாது எடுத்துச் செல்க.