இயக்குநர் குழுப் பூசல்களில் நீதிமுறை மறுஆய்வின் எல்லைகள்: காவிரி டெல்டா உழவர் உற்பத்தியாளர் நிறுமங்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

நிறுமங்களின் (கம்பெனிகளின்) இயக்குநர் குழுவில் எழும் பூசல்களில், அதிகாரம் பயன்படுத்தப்பட்ட முறையை நீதிமன்றம் ஆராயலாம். எடுக்கப்பட்ட முடிவு வணிக நோக்கில் சிறந்ததா என ஆராய்தல் கூடாது. இதுவே இந்திய உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளிலிருந்து பெறப்படும் பொது நெறி. உடன்படாத பங்குதாரர் வாக்கால் மாற்றம் காணலாம், அன்றேல் பங்கை விற்று விலகலாம் என்னும் எண்ணம் இந்நெறிக்கு அடிப்படையாக உள்ளது. உழவர் உற்பத்தியாளர் நிறுமங்களில் அவ்வடிப்படை எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நீதிமுறை மறுஆய்வு, இயக்குநர் குழு, ஒடுக்குமுறை, தீர்ப்பாயம், உற்பத்தியாளர் நிறுமம்.

1. முன்னுரை

பங்கு முதலில் இயங்கும் நிறுமம் தஞ்சைத் தரணிக்குப் புதிதன்று. இன்று சிட்டி யூனியன் வங்கி என வழங்கும் நிறுவனம் 1904இல் கும்பகோணம் வங்கி என்னும் பெயரில் பதிவு பெற்றது. ஆயினும், நெல் விளைவிப்போரே பங்குதாரராகவும் இயக்குநராகவும் அமரும் நிறுமம் அண்மைக்காலத்தது. 1956ஆம் ஆண்டின் நிறுமச் சட்டத்தில் சேர்க்கப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்த 9அ பகுதி உற்பத்தியாளர் நிறுமங்களுக்கு வழிவகுத்தது. அவ்விதிகள் 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி, 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21அ அத்தியாயமாக இடம்பெற்றன. நாடு முழுவதும் 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் ஒன்றிய அரசின் திட்டமும் 2020இல் தொடங்கப்பட்டது. உறுப்பினர் பெருகும்போது கருத்து வேறுபாடும் எழுவது இயல்பு. அவ்வேறுபாடு இயக்குநர் குழுப் பூசலாக முற்றினால் நீதி அமைப்பு எதுவரை துணைவரும் என்னும் வினா டெல்டா உழவர்க்கும் உரியதாகிறது.

2. இருவகை மறுஆய்வு

‘நீதிமுறை மறுஆய்வு’ என்பது அரசமைப்பின் 226ஆவது உறுப்பின்கீழ் உயர் நீதிமன்றம் பொது அதிகார அமைப்புகளின் செயல்களை ஆராய்வதையே முதன்மையாகக் குறிக்கும். தனியார் நிறுமத்தின் உள்நிர்வாகம் பொதுவாக இதனுள் அடங்காது. கூட்டுறவுச் சங்கங்களுக்கு எதிராக நீதிப்பேராணை கோரலாமா என்னும் வினாவைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு 2006இல் மாரப்பன் வழக்கில் ஆராய்ந்தது. சங்கம் அரசின் கருவியாக இயங்கினால், அல்லது சட்டம் சுமத்திய பொதுக் கடமை மீறப்பட்டால் மட்டுமே அவ்வழி திறக்கும் என்பது அதன் சாரம். பதிவாளரின் கண்காணிப்பில் இயங்கும் கூட்டுறவுச் சங்கத்திற்கே இந்நிலை என்றால், நிறுமத்திற்கு அவ்வழி மேலும் குறுகியதாகும்.

இரண்டாவது வகை, 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 241, 242 ஆகிய பிரிவுகளின்கீழ்த் தேசிய நிறுமச் சட்டத் தீர்ப்பாயம் மேற்கொள்ளும் ஆய்வு. ஒடுக்குமுறை, தவறான மேலாண்மை ஆகியவை இதன் பொருள். தீர்ப்பாயத்திற்குரிய பொருள்களில் உரிமையியல் நீதிமன்றம் தலையிடுவதை 430ஆம் பிரிவு தடுக்கிறது. எனவே நடைமுறையில், நிறுமப் பூசலின் வாயில் தீர்ப்பாயமே ஆகும்.

3. உச்ச நீதிமன்றம் வகுத்த எல்லைகள்

உள்நிர்வாகத்தில் பெரும்பான்மையோர் முடிவே செல்லும் என்னும் கொள்கை, 1843ஆம் ஆண்டின் ஃபாஸ் எதிர் ஹார்பாட்டில் என்னும் ஆங்கில வழக்கிலிருந்து வருவது. இந்திய நீதிமன்றங்கள் அதனை ஏற்று, அதற்குரிய விலக்குகளையும் வரையறுத்தன. 1965ஆம் ஆண்டின் கலிங்கா டியூப்ஸ் வழக்கில், பெரும்பான்மைப் பங்குதாரர்க்கும் சிறுபான்மைப் பங்குதாரர்க்கும் இடையே நம்பிக்கை குன்றியமை மட்டும் ஒடுக்குமுறை ஆகாது எனவும், தொடர்ச்சியான, கடுமையான, முறைகேடான நடத்தை வேண்டும் எனவும் உச்ச நீதிமன்றம் கூறியது.

எஸ்கார்ட்ஸ் வழக்கு இருவகை மறுஆய்வும் சந்தித்த இடமாகும். அந்நிறுமத்தின் இயக்குநர்கள் ஒன்பதின்மரை நீக்கப் பொதுக்குழு கூட்டுமாறு ஆயுள் காப்பீட்டுக் கழகம் 1984இல் கோரியது. கழகம் அரசுசார் நிறுவனம் ஆதலின் காரணம் கூறக் கடமைப்பட்டது என வாதிடப்பட்டது. பங்குதாரர் என்னும் நிலையில் அது பிற பங்குதாரர் போன்றதே எனவும், நீக்கத் தீர்மானத்திற்குக் காரணம் கூற வேண்டியதில்லை எனவும் உச்ச நீதிமன்றம் தீர்த்தது.

நீலகிரி மாவட்டம் கேத்தியில் இயங்கிய நீடில் இண்டஸ்ட்ரீஸ் நிறுமத்தின் வழக்கில் (1981) எல்லையின் மறுபக்கம் புலப்பட்டது. அந்நியச் செலாவணிச் சட்டத்திற்கு இணங்க வெளிநாட்டார் பங்கைக் குறைக்கப் புதிய பங்குகள் வெளியிடப்பட்டன. அதற்கான அறிவிப்பு வெளிநாட்டுத் தரப்பிற்கு உரிய காலத்தில் கிட்டவில்லை. பங்கு வெளியீடு நிறுமத்தின் நலனுக்கானது என்பதால் ஒடுக்குமுறை நிறுவப்படவில்லை என்றது நீதிமன்றம். எனினும் இந்தியத் தரப்பு நியாயமற்ற ஆதாயம் பெற்றமையால், பங்கிற்கு 90 ரூபாய் வீதம் 9,495 பங்குகளுக்கு 8,54,550 ரூபாய் வழங்குமாறு பணித்தது. முடிவைக் குலைக்காமல், முறைதவறியதன் பயனை மட்டும் ஈடுசெய்த தீர்ப்பு இது.

டாட்டா – மிஸ்திரி வழக்கில் 24.10.2016 அன்று நிகழ்ந்த செயல் தலைவர் நீக்கத்தை மும்பைத் தீர்ப்பாயம் ஏற்றது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2019 டிசம்பரில் மிஸ்திரியை மீண்டும் பதவியில் அமர்த்தப் பணித்தது. உச்ச நீதிமன்றம் 26.03.2021 அன்று அவ்வாணையை நீக்கியது. பதவி நீக்கம் தன்னளவில் ஒடுக்குமுறை ஆகாது என்பது அதன் முடிவு.

இத்தீர்ப்புகளைத் தொகுத்து நோக்கின், அதிகாரம் இருந்ததா, உரிய நோக்கிற்குப் பயன்பட்டதா, அறிவிப்பும் கூட்ட நடைமுறையும் பின்பற்றப்பட்டனவா என்பவை ஆய்வுக்குரியன எனவும், முடிவு இலாபமா நட்டமா என்பது அவ்வாறன்று எனவும் பெறப்படும்.

4. டெல்டா உழவரின் நிலை

மேற்கண்ட வழக்குகளின் தரப்பினர் பெருமுதலீட்டாளர்கள். உற்பத்தியாளர் நிறுமத்தின் கட்டமைப்பு வேறு. தனிநபர்களே உறுப்பினராக உள்ள நிறுமத்தில் பங்கு எவ்வளவாயினும் ஒருவருக்கு ஒரு வாக்கு. பங்கை வெளிச்சந்தையில் விற்க இயலாது. இயக்குநர் குழுவின் முன்னிசைவு பெற்று, செயல்படும் மற்றோர் உறுப்பினருக்கு முகமதிப்பிலேயே மாற்றலாம். எனவே, யாரோடு பூசலோ அவர்தம் இசைவின்றி விலகவும் வழியில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். மன்னார்குடிப் பகுதியில் சம அளவு பங்குடைய 1,000 உறுப்பினர் கொண்ட நிறுமம் ஒன்று இருப்பதாகக் கருதுக. நெல் கொள்முதலுக்கென வைத்த தொகையை அரிசி ஆலைக்குத் திருப்ப இயக்குநர் குழு முடிவெடுக்கிறது. 80 உறுப்பினர் எதிர்க்கின்றனர். ஆலை வேண்டுமா என்பது வணிக முடிவு. அதனைத் தீர்ப்பாயம் ஆராயாது. ஆலை இயந்திரம் இயக்குநர் ஒருவரின் உறவினரிடமிருந்து மறைவாக வாங்கப்பட்டிருப்பின் அது நோக்கம் பற்றிய கேள்வி, ஆய்வுக்கு உரியது. ஆனால் 244ஆம் பிரிவின்படி மனுச் செய்ய 100 உறுப்பினரோ மொத்த உறுப்பினரில் பத்தில் ஒரு பங்கினரோ, இவற்றுள் குறைந்த எண்ணிக்கையினர் வேண்டும்; அன்றேல் பங்கு முதலில் பத்தில் ஒரு பங்கு வேண்டும். எண்பதின்மர் எவ்வகையிலும் போதார். தீர்ப்பாயம் விலக்களித்தாலன்றி மனு நில்லாது.

‘பொதுக்குழுவில் தீர்த்துக்கொள்க’ என்பதே நீதிமன்றக் கட்டுப்பாட்டின் உட்கருத்து. ஆனால் உற்பத்தியாளர் நிறுமத்தில் சிறப்புப் பொதுக்குழுவைக் கூட்டக் கோருவதற்கு வாக்குரிமை உடையோரில் மூன்றில் ஒரு பங்கினர் கையொப்பமிட வேண்டும். நம் எடுத்துக்காட்டில் அது 334 பேர். தீர்ப்பாயத்தின் வாயிலுக்கு 100 பேர் போதும். பொதுக்குழுவின் வாயிலுக்கோ அதனினும் மும்மடங்கினர் வேண்டும். உள்வழி வெளிவழியினும் குறுகலாக இருப்பது இங்குக் கருதத்தக்கது.

அமைப்பு, மேலாண்மை, வணிகம் பற்றிய பிணக்குகள் இணக்கமுறைக்கோ நடுவர் தீர்ப்பிற்கோ செல்லும் எனச் சட்டம் கூறுகிறது. தமிழ்நாட்டிற்கான தீர்ப்பாய அமர்வு சென்னையில் உள்ள நிலையில், நடுவர் முறை உழவர்க்கு அண்மையது. எனினும் நடுவர் தீர்ப்பின் தகுதிப்பாட்டை நீதிமன்றம் மீண்டும் எடைபோடாது என்பதால், அங்கும் மறுஆய்வு எல்லைக்குட்பட்டதே. ஆண்டுப் பொதுக்குழு உரிய காலத்தில் கூட்டப்படாவிடின், 97ஆம் பிரிவின்கீழ் எந்த ஓர் உறுப்பினரும் தீர்ப்பாயத்தை அணுகலாம் என்பதே தனி உறுப்பினருக்குரிய வலுவான வழி.

5. முடிவுரை

நீதிமன்றம் தன்னை அடக்கிக்கொள்வது குறையன்று. விதைப்பும் விற்பனையும் அறிந்தோர் எடுக்கும் முடிவை அறியாதோர் மாற்றலாகாது என்பதே அதன் நியாயம். ஆனால் வாக்கும் விலகலும் எளிதாக உள்ள இடத்திலேயே அந்நியாயம் முழுமை பெறும். விலகல் இயக்குநர் குழுவின் இசைவில் நிற்கும் உற்பத்தியாளர் நிறுமத்தில், பாதுகாப்பின் பெரும்பகுதி தீர்ப்பில் அன்று, நிறுமத்தின் உள்விதிகளிலேயே அமைய வேண்டும். பங்கு மாற்ற விண்ணப்பத்தை மறுத்தால் எழுத்துவழிக் காரணம் தருதல், இயக்குநரின் உறவினரோடு செய்யும் வணிகத்தைப் பொதுக்குழுவில் வெளியிடுதல், நடுவரை அமர்த்தும் முறையைப் பூசலுக்கு முன்பே வகுத்தல் ஆகியவற்றை உள்விதிகளில் சேர்க்கலாம். அவ்விதிகள் எழுத்தில் இருப்பின், அவை மீறப்பட்டமை முறை பற்றிய கேள்வியாகிவிடும். முறையை ஆராயவே நீதி அமைப்பிற்கு அதிகாரம் உண்டு.