நாடா சொல்லாத அளவு

செஞ்சிக்கோட்டை ராஜகிரி சுமார் 800 அடி உயரம். பாதி மலையிலேயே ஏறுகிற கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். போன மாசியில் எங்கள் வீட்டுப் பெண்கள் ஏறியபோதும் அப்படித்தான். ஒல்லி உடம்புக்கார அண்ணி, "என்னால ஆவல, நீங்க போங்க" என்று மூச்சு வாங்கப் படியில் உட்கார்ந்துவிட்டார். மல்லாட்டைக் கொல்லையில் களை வெட்டிப் பழகிய பெரியம்மாவோ, எடை 70 கிலோவுக்குக் குறையாது, குரங்குகளை அதட்டிக்கொண்டே உச்சிப் பாலத்தைத் தாண்டிவிட்டார். இருவரில் சர்க்கரை மாத்திரை போடுகிறவர் அண்ணி.

புணே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக் 2004-ல் லான்செட் இதழில் ஒரு படம் வெளியிட்டார். அவரும் ஆங்கிலேய நண்பர் ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில். எடையை உயரத்தோடு ஒப்பிடும் பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றே, 22.3. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2! எடை பார்க்கும் மெஷினுக்கு இதெல்லாம் தெரியாது.

கொழுப்பு எங்கே உட்காருகிறது என்பது அடுத்த விஷயம். ராஜகிரி அடிவாரத்தில் பெரிய நெற்களஞ்சியங்கள் இருக்கின்றன. தொடையிலும் புட்டத்திலும் சேரும் கொழுப்பு, களஞ்சியத்தில் கொட்டிய நெல். கிடக்கட்டும், பெரிய தொந்தரவில்லை. குடலைச் சுற்றிச் சேர்வது தெருவில் கொட்டிய நெல். அதிலிருந்து கசியும் கொழுப்பு அமிலம் நேரே கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் இன்சுலினின் பேச்சைக் கேட்காமல் சர்க்கரையை ரத்தத்தில் விட்டபடி இருக்கும். மாதவிடாய் நிற்கும்வரை ஈஸ்ட்ரோஜன் கொழுப்பைத் தொடைப் பக்கம் அனுப்பிக்கொண்டிருக்கும். நின்றபின் கொழுப்பு வயிற்றுப் பக்கம் திரும்புகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டுப் பெண்களில் சுமார் 40 சதவீதத்தினருக்கு வயிற்றுப் பருமன், ஆண்களில் 12தான்.

களஞ்சியம் இருக்கிற அதே அடிவாரத்தில் உடற்பயிற்சிக் கூடமும் இருக்கிறது. கட்டியவர்கள் விவரமானவர்கள்! சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெருமளவு வாங்கிக்கொள்வது தசை. வேலை செய்கிற தசை இன்சுலினுக்காகக் காத்திருப்பதுகூட இல்லை. பெரியம்மாவைக் காப்பாற்றி வருவது அந்தக் களைக்கொத்துதான். அதற்காக அவருக்கு விதிவிலக்கு என்று சொல்ல மாட்டேன். உழைப்பு ஆபத்தைக் குறைக்கும், தொப்பையை மன்னிக்காது.

"எனக்கு அதே பாவாடை நாடாதான், சுற்றளவு மாறவே இல்லை" என்பார் அண்ணி. நாடா வயிற்றுக்குக் கீழே இறங்கி வெகுநாளாகிறது. வயிறு அதற்கு மேலே வளர்ந்திருக்கிறது. அளக்க வேண்டிய இடம் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில். மூச்சை விட்டபின், வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். நம் பெண்களுக்கு எல்லை 80 செ.மீ., தையல்காரர் கணக்கில் முப்பத்தொன்றரை அங்குலம்.

சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த அபாய மதிப்பெண் நூற்றுக்குப் போடப்படுகிறது. பெண்ணின் வயிறு 80-ஐத் தொட்டால் 10, தொண்ணூறைத் தொட்டால் 20. பெற்றோர் இருவருக்கும் சர்க்கரை இருந்தாலும் 20தான். உடற்பயிற்சியும் இல்லை, உடலுழைப்பும் இல்லை என்றால் 30. கூட்டி 60 வந்தால் அபாயம் அதிகம்.

அடுத்தமுறை ஜாக்கெட் அளவு கொடுக்கப் போகும்போது வயிற்றையும் ஒரு சுற்று அளந்துவிடுங்கள். எண்பதைத் தாண்டியிருந்தால், ஒல்லியாகவே இருந்தாலும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை பார்த்துவிட்டு வாருங்கள். அங்கே காசு கேட்க மாட்டார்கள்.