டிரங்குப் பெட்டியில் கிடக்கும் குடும்பப் படங்கள்: வீட்டிலேயே பதிவு செய்ய எந்த ஸ்கேனர் ஏற்றது?

மும்பையில் வாழும் தமிழர் குடும்பங்கள் பலவற்றில் கட்டிலுக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ், வாடகை ரசீது ஆகியவற்றோடு பழைய புகைப்படங்களும் அதில்தான் கிடக்கும். ஊர் ஸ்டுடியோவில் நாற்காலியில் உட்கார்ந்து தாத்தா எடுத்துக்கொண்ட படம், மாட்டுங்காவிலோ தாராவியிலோ நடந்த கல்யாணத்தின் படம், பிள்ளைக்கு மொட்டை போட்ட படம் என்று எத்தனையோ இருக்கும். பெரும்பாலானவற்றுக்கு நெகடிவ் கிடையாது. படம் எடுத்த ஸ்டுடியோவும் இப்போது இல்லை. கையில் இருக்கும் ஒரே பிரதி போனால் போனதுதான்.

அது போகவும் கூடும் என்பதை மும்பைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2005-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதி பெய்த பேய் மழையில் சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் பதிவாயிற்று. மித்தி ஆறு பெருகி, தாழ்வான பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. நனைந்துபோன அரிசியை மறுபடி வாங்கலாம். நனைந்துபோன ஆல்பத்தை எந்தக் கடையில் வாங்குவது?

வெள்ளம் வராத ஆண்டுகளிலும் ஆபத்து உண்டு. நான்கு மாத மழைக்கால ஈரத்தில் படத்தில் பூஞ்சணம் பிடிக்கிறது. 1970, 80-களில் அச்சிட்ட பல கலர் படங்களில் சாயங்களில் ஒன்று மற்றவற்றைவிட வேகமாக வெளுத்து, முகமெல்லாம் சிவப்பேறி நிற்கிறது. வீடு மாறும்போது தொலைவது இன்னொரு வகை. தாராவியில் மறுசீரமைப்புத் திட்டத்துக்காக 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. பழைய சால்கள் பலவும் இடிபட்டு அடுக்குமாடிகள் ஆகின்றன. பெட்டி இடம் மாறும் முன் படங்களைக் கணிப்பொறியில் பதிவு செய்துவிடுவது நல்லது. அதற்கு உதவும் கருவிதான் ஸ்கேனர்.

முதலில் பெட்டியைத் திறக்க வேண்டும்

கடைக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. படங்களை எடுத்துத் தரம் பிரிக்க வேண்டும். தனித்தனியாக இருக்கும் தாள் படங்கள் எத்தனை? ஆல்பத்தில் ஒட்டிப்போனவை எத்தனை? கண்ணாடிச் சட்டத்தில் இருப்பவை எத்தனை? நெகடிவ் சுருள், ஸ்லைடு ஏதாவது உண்டா? இந்தக் கணக்குதான் எந்த ஸ்கேனர் வாங்குவது என்பதை முடிவு செய்யும்.

எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம்

ஸ்கேனர் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருப்பது டி.பி.ஐ. என்னும் எண். ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளிகளாகப் படத்தைப் படிக்கும் என்பதே அதன் பொருள். எண் பெரிதானால் படம் தெளிவாகும் என்று நினைத்துப் பலர் கூடுதல் பணம் கொடுக்கிறார்கள்.

உண்மை வேறு. 4-க்கு 6 அங்குல போஸ்ட்கார்டு சைஸ் படத்தை 300 டி.பி.ஐ.யில் பதிவு செய்தால் சுமார் 21 லட்சம் புள்ளிகள் கிடைக்கும். அதே அளவில் மறுபடி அச்சிட இது போதும். 600 டி.பி.ஐ.யில் பதிவு செய்தால் 86 லட்சம் புள்ளிகள். அதை நீள அகலத்தில் இரு மடங்காகப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டலாம். அதற்கு மேல் போனால் தாளில் இருக்கும் சொரசொரப்பும் தூசும்தான் பெரிதாகத் தெரியும். ஏனென்றால் தாள் படத்தில் அதற்கு மேல் விவரம் பெரும்பாலும் இருப்பதில்லை. பாஸ்போர்ட் சைஸ், ஸ்டாம்ப் சைஸ் படங்களைப் பெரிதாக்க வேண்டுமானால் மட்டும் 1200 டி.பி.ஐ. வைக்கலாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விளம்பரத்தில் காணும் மிகப் பெரிய எண், சில சமயம் இடையிடையே புள்ளிகளைத் தானே நிரப்பிக்கொள்ளும் மென்பொருளின் கணக்காக இருக்கும். 'ஆப்டிகல்' என்று குறிப்பிட்ட எண்ணை மட்டுமே கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டு வகை

வீட்டு உபயோகத்துக்கான தட்டை ஸ்கேனர்கள் இரண்டு வகைப்படும். முதலாவது சி.ஐ.எஸ். வகை. மெல்லியது, எடை குறைந்தது. கேனான் லைடு 300, லைடு 400, எப்சன் பெர்பெக்‌ஷன் வி39 ஆகியவை இந்த வகை. லைடு 300-ன் ஆப்டிகல் திறன் 2400 டி.பி.ஐ.; மற்ற இரண்டும் 4800. தாள் படங்களுக்கு மூன்றுமே தேவைக்கு அதிகம். யு.எஸ்.பி. வயரிலேயே மின்சாரம் எடுத்துக்கொள்வதால் தனி பிளக் வேண்டாம். பத்துக்குப் பத்து அறையில் வேலை முடிந்ததும் அலமாரியில் செருகி வைத்துவிடலாம். விலையும் சில ஆயிரங்களில் தொடங்குகிறது.

இதில் ஒரு குறை உண்டு. படம் கண்ணாடியில் ஒட்டினாற்போல் படிய வேண்டும். சுருண்ட படம், தடித்த ஆல்பப் பக்கம், சட்டமிட்ட படம் ஆகியவை கொஞ்சம் தூக்கி நின்றாலும் மங்கலாகிவிடும். நெகடிவையும் இதில் பதிவு செய்ய முடியாது.

இரண்டாவது சி.சி.டி. வகை. இது பருமனானது. விலை பல மடங்கு அதிகம். சற்றுத் தூக்கி நிற்கும் படத்தையும் தெளிவாகப் படிக்கும். எப்சன் பெர்பெக்‌ஷன் வி600 போன்றவற்றில் மூடியிலும் விளக்கு இருப்பதால் நெகடிவ், ஸ்லைடு ஆகியவற்றையும் பதிவு செய்யலாம். பெட்டியில் நூற்றுக்கணக்கில் நெகடிவ் இருந்தால் இதை யோசிக்கலாம். நாலைந்து சுருள்தான் என்றால் அவற்றை மட்டும் போட்டோ லேபில் கொடுத்துவிட்டு மலிவான வகையை வாங்குவதே புத்திசாலித்தனம்.

தாள்களை உள்ளே இழுத்துப் படிக்கும் ஸ்கேனர்கள் அலுவலகத்துக்கு ஏற்றவை. ஓரம் நைந்த பழைய படத்தை அவற்றில் விட்டால் கீறலாம்; கிழியலாம்.

செலவே இல்லாத வழி

பிள்ளைகளின் படிப்புக்காக வாங்கிய ஆல்-இன்-ஒன் பிரிண்டர் வீட்டில் இருக்கிறதா? அதன் மூடியைத் திறந்தால் தட்டைக் கண்ணாடி இருக்கும். அதுவும் ஒரு ஸ்கேனர்தான். அதன் ஆப்டிகல் திறன் 600 டி.பி.ஐ. இருந்தால் தாள் படங்களுக்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். பத்துப் படங்களைப் பதிவு செய்து பார்த்த பிறகு முடிவு செய்யலாம்.

கைப்பேசியில் எடுத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அவசரத்துக்கு ஆகும். ஆனால் விளக்கு வெளிச்சம் படத்தில் பளபளக்கும், ஓரம் கோணலாகும். ஒரு வகைப் படத்துக்கு மட்டும் கைப்பேசியே நல்லது. சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்த்தெடுக்கவே கூடாது. முகம் கண்ணாடியோடு போய்விடும். ஜன்னல் ஓரம் சாய்த்து வைத்துக் கண்ணாடியோடேயே படம் பிடித்துக்கொள்ள வேண்டும்.

லாமிங்டன் ரோட்டில் பழைய ஸ்கேனர் மலிவாகக் கிடைத்தால், வீட்டில் உள்ள கணிப்பொறியில் ஓடக்கூடிய 'டிரைவர்' மென்பொருள் அதற்கு உண்டா என்று முதலில் விசாரிக்க வேண்டும். அது இல்லையென்றால் மிஞ்சுவது வெறும் பெட்டிதான்.

கடையில் கொடுத்துப் பதிவு செய்வதோடு ஒப்பிட்டும் பார்க்கலாம். படத்துக்கு 10 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 600 படத்துக்கு 6,000 ரூபாய். படங்கள் ஐம்பது அறுபதுதான் என்றால் கடையே லாபம். நூற்றுக்கணக்கில் இருந்தால் சொந்த ஸ்கேனர் வாங்கி, வேலை முடிந்ததும் உறவினருக்குக் கொடுக்கலாம். நாலு குடும்பம் சேர்ந்து வாங்கினால் சுமையே தெரியாது.

செய்யும் முறை

ஈரத் துணி கூடாது. மெல்லிய பிரஷ்ஷால் படத்தையும் ஸ்கேனர் கண்ணாடியையும் தூசு தட்டினால் போதும். ஏ4 அளவுக் கண்ணாடியில் போஸ்ட்கார்டு சைஸ் படங்கள் மூன்றை வைக்கலாம். பல ஸ்கேனர் மென்பொருள்கள் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்துவிடும். கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலரிலேயே பதிவு செய்தால் பழுப்பு நிறமும் கறையும் சரியாகப் பதியும். பிறகு திருத்துவது எளிது. பின்பக்கத்தில் ஸ்டுடியோ முத்திரையோ கையெழுத்தோ இருந்தால் அதையும் பதிவு செய்ய வேண்டும்.

600 டி.பி.ஐ.யில் 'டிஃப்' கோப்பாக வைத்தால் போஸ்ட்கார்டு சைஸ் படம் ஒன்றுக்கு சுமார் 26 எம்.பி. ஆகும். 600 படத்துக்கு 16 ஜி.பி.க்குள் அடங்கும். 32 ஜி.பி. பென்டிரைவ் தாராளம். ஆனால் ஒரே பென்டிரைவை நம்பக்கூடாது. இன்னொரு பிரதி ஹார்டு டிஸ்கில் இருக்கட்டும். மூன்றாவது பிரதி ஊரில் அண்ணன் தம்பி வீட்டில் இருக்கட்டும். ஒரே வீட்டில் எல்லாப் பிரதியும் இருந்தால் வெள்ளத்துக்கு எல்லாம் ஒன்றுதான். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் தரம் குறையாது.

பெயர் எழுத மறக்கக் கூடாது

எத்தனை நல்ல ஸ்கேனரானாலும் படத்தில் இருப்பவர் யார் என்று அது சொல்லாது. அதைச் சொல்லக்கூடியவர்கள் வீட்டுப் பெரியவர்கள்தான். மும்பையில் பிறந்த பேரப்பிள்ளைக்கு ஊரில் இருந்த பெரியம்மாவையும் தெரியாது, பக்கத்தில் நிற்கும் சித்தப்பாவையும் தெரியாது. ஒவ்வொரு படத்தையும் பாட்டியிடம் காட்டி, யார், எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன விசேஷம் என்று கேட்டுக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிட வேண்டும். '1974 பாளையங்கோட்டை பெரியம்மா கல்யாணம்' என்று எழுதினாலே போதும்.

ஸ்கேனரை அடுத்த ஆண்டும் வாங்கலாம். பெயர் கேட்கும் வேலையை மட்டும் வரும் ஞாயிற்றுக்கிழமையே தொடங்கிவிட வேண்டும்.