ஏறிச் செல்லாத தேர்

எங்கள் தந்தையார் 28 ஆண்டுகள் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வழியாகச் சென்னைக்குப் பேருந்து ஓட்டியவர். பணி ஓய்வு பெற்ற இரண்டாம் ஆண்டில் பக்கவாதம் அவரது வலப்பக்கத்தைத் தாக்கியது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபோது அவரால் மெல்ல நடக்க முடிந்தது. ஆனால், சட்டைப் பொத்தானைப் போடவோ சோற்றைப் பிசைந்து உண்ணவோ வலக்கை ஒத்துழைக்கவில்லை. ஆயிரக்கணக்கான முறை கியர் மாற்றிய கை அது. அதை மடியில் கிடத்தி, வேறொருவருடைய பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பார்.

இயன்முறைச் சிகிச்சையாளர் கற்றுத்தந்த பயிற்சிகளில் அவருக்கு மனம் செல்லவில்லை. “பந்தை அமுக்கி என்ன ஆகப்போகிறது?” என்று ஒதுக்கிவிடுவார். அப்போதுதான் சென்னையிலுள்ள உறவினர் மகன் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தான். 1968ஆம் ஆண்டின் ஃபோர்டு மஸ்டாங் காரை 1:25 அளவில் நாமே கட்டுவதற்கான பிளாஸ்டிக் பாகங்கள் அதில் இருந்தன. உண்மையான கார் 4.6 மீட்டருக்குச் சற்று மேல் நீளமுடையது. கட்டி முடித்த மாதிரியின் நீளமோ 19 சென்டிமீட்டருக்கும் குறைவு.

அமெரிக்காவில் 1960களில் நடுத்தர அளவுள்ள கார்களில் மிகப் பெரிய எஞ்சின்களைப் பொருத்தி விற்றார்கள். அவற்றை ‘மசில் கார்’ என்று அழைத்தனர். 1964இல் வந்த பான்டியாக் ஜிடிஓ காரை இந்த வரிசையின் தொடக்கமாகப் பலரும் கூறுவர். அதே ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் மஸ்டாங் அறிமுகமானது. 1968ஆம் ஆண்டின் மஸ்டாங்கில், விரும்பியவர்களுக்கு எட்டு சிலிண்டர் கொண்ட 6.4 லிட்டர் எஞ்சினையும் பொருத்தித் தந்தார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது இத்தகைய கார்களின் பொற்காலம் முடிவுக்கு வந்திருந்தது.

இவற்றைப் படித்துக் காட்டியபோது தந்தையார் நோயுற்றபின் முதன்முறையாகச் சிரித்தார். “நான் ஓட்டிய பேருந்துக்கே ஆறு சிலிண்டர்தான். இந்தச் சின்ன வண்டிக்கு எட்டு எதற்கு?” என்றார். பெயர் மட்டும் அவருக்குப் பழக்கமானது. அவர் நாள்தோறும் கடந்து சென்ற மறைமலைநகரில்தான் ஃபோர்டு ஆலை 2022 வரை கார்களை உற்பத்தி செய்தது.

பாகங்கள் அனைத்தும் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் காய்கள்போல் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றையும் வெட்டியெடுத்து, பிசிறை உப்புத்தாளால் தேய்த்து, பசையின்றி ஒருமுறை பொருத்திப் பார்த்த பிறகே ஒட்ட வேண்டும். இதற்கென உள்ள பசை பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையே சற்று இளக்கி, இரண்டு பாகங்களையும் ஒன்றாக்குகிறது. காயும்வரை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். எஞ்சின், அடிச்சட்டம், உட்புற இருக்கைகள், இறுதியாக மேலுடல் என்ற வரிசையில் வேலை நகர்ந்தது.

முதல் வாரத்தில் நாங்கள் ஒரு பெரும் தவறு செய்தோம். அவர் விரல்களிலிருந்து சக்கரம் நழுவும்போதெல்லாம் நாங்களே எடுத்து ஒட்டிவிட்டோம். உதவி செய்வதாகவே எண்ணினோம். நான்காம் நாள் அவர் மேசையை விட்டு எழுந்துபோய்ப் படுத்துக்கொண்டார். அடுத்த முறை சிகிச்சைக்குச் சென்றபோது நடந்ததைக் கூறினோம். “அவர் கையிலிருப்பதை நீங்கள் வாங்காதீர்கள். விழுந்தால் விழட்டும். செய்ய முயலும் வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதால்தான் மூளை மீண்டும் பழகுகிறது” என்றார் சிகிச்சையாளர்.

அன்று முதல் எங்கள் கைகளைக் கட்டிக்கொண்டு உட்காரக் கற்றோம். அது எளிதாக இல்லை. ஒரு சக்கரத்தைப் பொருத்த அவருக்கு ஒரு மாலைப்பொழுது தேவைப்பட்டது. அந்த மாலைகளில் அவர் பேசத் தொடங்கினார். திண்டிவனத்தில் சிறுவனாக இருந்தபோது நுங்குக் கூந்தல் இரண்டைக் குச்சியில் கோத்து வண்டி செய்து, தெருவெல்லாம் தள்ளிக்கொண்டு ஓடிய கதையைக் கூறினார். தச்சரின் பிள்ளைகள் விரும்பும்படி செய்த, ஏறிச் செல்லாத சிறுதேரைக் குழந்தைகள் உருட்டி விளையாடியதைப் பெரும்பாணாற்றுப்படை குறிப்பிடுகிறது. நுங்கு வண்டியும் இந்த மஸ்டாங்கும் அந்தத் தேரின் வழிவந்தவை என்றே எங்களுக்குத் தோன்றியது.

ஏறத்தாழ மூன்று மாதங்களில் வண்டி முடிந்தது. ஒரு பக்கக் கண்ணாடி சாய்ந்திருக்கிறது. அதைத் திருத்த அவர் அனுமதிக்கவில்லை. வலக்கை முழுமையாகத் திரும்பவில்லை. இனி அவர் பேருந்து ஓட்டப்போவதுமில்லை. மருந்தும் பயிற்சியும் காலமுமே அவரைத் தேற்றின. மாதிரி வண்டி, அப்பயிற்சிக்கு ஒரு காரணத்தைத் தந்தது. இப்போது மேல் பொத்தானைத் தவிர மற்றவற்றைத் தாமே போட்டுக்கொள்கிறார்.

இம்முயற்சியில் இறங்க விரும்பும் குடும்பத்தினருக்குச் சில சொற்கள். முதலில் சிகிச்சையாளரிடம் கேளுங்கள். உணர்ச்சி குறைந்த கைக்கும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உண்போருக்கும் கத்தி ஆபத்தானது. வெட்டும் வேலையை மட்டும் நீங்கள் செய்யுங்கள். பசையும் வண்ணமும் எளிதில் தீப்பற்றுபவை. அவற்றின் நெடியும் நல்லதன்று. சன்னல் திறந்த அறையில் மட்டுமே பயன்படுத்துங்கள். நோயாளர் பிரிவிலும், ஆக்சிஜன் வைத்திருக்கும் இடத்திலும், மூச்சிரைப்பு உள்ளவர் அருகிலும் வேண்டா. சிறு பாகங்கள் குழந்தைகளுக்கு எட்டக் கூடாது. அரை மணி நேரத்தில் ஓய்வு கொடுங்கள். பெட்டி வாங்க இயலாதவர்களுக்கு அட்டையும் தீப்பெட்டியும் சோடா மூடியும் போதும்.

கீழே விழுந்த சக்கரத்தை உடனே எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். சற்றுப் பொறுங்கள், அவரே குனிந்து எடுக்கக்கூடும்.