போன் பழுதானாலும் கம்பெனியை மாற்றாதது ஏன்?

சாம்சங்கின் கேலக்ஸி நோட் 7 விற்பனைக்கு வந்தது 2016 ஆகஸ்ட் 19 அன்று. இரண்டே வாரத்தில், செப்டம்பர் 2 அன்று, சுமார் 25 லட்சம் போன்களைத் திரும்பப் பெறுவதாக நிறுவனம் அறிவித்தது. பேட்டரி தீப்பிடிக்கிறது என்று அதுவரை உலகம் முழுவதிலிருந்தும் வந்திருந்தவை 35 புகார்கள். பத்து லட்சம் போன்களுக்கு 24 என்பது சாம்சங் அன்று சொன்ன கணக்கு. அப்படியானால் வாங்கியவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு எந்தத் தொந்தரவும் வரவில்லை. அவர்கள் கையில் இருந்தது நல்ல திரையும் நல்ல கேமராவும் உள்ள அருமையான போன். செய்தியில் வந்ததோ தீப்பிடிக்கும் போன். எதை நம்புவது?

பலர் கையில் இருந்ததையே நம்பினார்கள். மாற்றாகக் கொடுத்த போன்களும் எரிந்தன. அக்டோபர் 11 அன்று தயாரிப்பே நிறுத்தப்பட்டது. அமெரிக்க விமானங்களில் அந்தப் போனைக் கொண்டுபோகவே தடை வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் டிசம்பர் தொடக்கத்தில் அமெரிக்காவில் திரும்பி வந்திருந்தவை 93 சதவீதம்தான். அங்கே விற்றவை ஏறத்தாழ 19 லட்சம். கணக்குப் போட்டால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட போன்கள் இன்னும் சட்டைப்பைகளில் இருந்தன. கொடுத்த பணம் திரும்பக் கிடைக்கும் என்று தெரிந்தும் வைத்திருந்தார்கள். கடைசியில், சார்ஜே ஏறாதபடி செய்யும் ஓர் அப்டேட்டை அனுப்பித்தான் சாம்சங் அவற்றை முடக்க வேண்டியிருந்தது.

அவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. நாம் எல்லோருமே போனை இப்படித்தான் எடைபோடுகிறோம். ஒரு மாடலில் நூற்றுக்கு ஐந்து போன் பழுதாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது மோசமான மாடல்தான். ஆனால் வாங்கிய நூறு பேரில் தொண்ணூற்றைந்து பேர், “மூணு வருஷமா வச்சிருக்கேன், ஒரு பிரச்சினையும் இல்ல” என்று சத்தியம் செய்வார்கள். அதில் பொய் இல்லை. மீதி ஐந்து பேர், “அந்தக் கம்பெனி பக்கமே போயிடாதீங்க” என்பார்கள். அதிலும் பொய் இல்லை. இரண்டையும் கேட்ட பிறகு நமக்குத் தெரிவது, பேசியவரின் போன் எப்படி இருந்தது என்பது மட்டும். ஒருவருக்கு ஒரு கம்பெனி ராசியாக இருந்தது என்பதால் அடுத்தவருக்கு அது உழைக்கும் என்று சொல்லவே முடியாது.

நோட் 7 ஏன் எரிந்தது என்பதைச் சற்று விரிவாகப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 2017 ஜனவரி 23 அன்று சியோலில் சாம்சங் தன் ஆய்வு முடிவை வெளியிட்டது. 700 பொறியாளர்கள் 2 லட்சம் போன்களையும் 30,000 பேட்டரிகளையும் சோதித்திருந்தார்கள். வெளி நிறுவனங்களும் தனியே ஆராய்ந்தன. லித்தியம் அயனிப் பேட்டரிக்குள் நேர்மின் தகடும் எதிர்மின் தகடும் இருக்கும். ஒன்றையொன்று தொடாதபடி நடுவில் ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். சவ்வு கிழிந்து தகடுகள் தொட்டுக்கொண்டால் உள்ளேயே ஷார்ட் சர்க்யூட் ஆகும். அந்தச் சூட்டில் உள்ளே நடக்கும் வேதிமாற்றங்கள் மேலும் சூட்டை உண்டாக்கும். பேட்டரித் திரவம் எளிதில் பற்றக்கூடியது. பிறகு அணைப்பது கடினம்.

முதலில் விற்ற போன்களில் ஒரு சப்ளையரின் பேட்டரிக்கு மேல் மூலையில் இடம் போதவில்லை. எதிர்மின் தகடு அங்கே மடங்கி நின்றது. அதைக் கைவிட்டு, மாற்றுப் போன்களுக்கு இன்னொரு சப்ளையரின் பேட்டரியைப் போட்டார்கள். அதில் அந்தக் குறை இல்லை, ஆனால் வெல்டிங் செய்த இடத்தில் கூரான பிசிறுகள் துருத்திக்கொண்டிருந்தன. அவை காப்பு நாடாவையும் சவ்வையும் குத்திக் கிழித்தன. சில பேட்டரிகளில் அந்த நாடாவே இல்லை. ஒரே போன், இரண்டு ஆலைகள், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு பழுதுகள். போனின் முதுகில் இருந்த பெயர் எங்கும் ஒன்றுதான். நம்பகத்தன்மை என்பது இந்த மாடலில், இந்த உதிரிபாகத்தில், இந்த மாதம் செய்த சரக்கில் இருக்கிறது. நாமோ அதைக் கம்பெனியின் பெயரில் தேடுகிறோம்.

பெயரைப் பார்த்து வெறுப்பதிலும் இதே பிழை உண்டு. 2016 செப்டம்பர் 23 அன்று சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த இண்டிகோ விமானத்தில், தலைக்கு மேலே பெட்டி வைக்கும் இடத்திலிருந்து புகை வந்தது. பணியாளர்கள் தேடிப் பார்த்து, புகைந்துகொண்டிருந்த போனைத் தண்ணீரில் போட்டார்கள். யாருக்கும் காயமில்லை. அது நோட் 7 இல்லை, 2012-இல் வந்த நோட் 2. நோட் 7 இந்தியாவில் விற்பனைக்கு வரவே இல்லை. ஆனால் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நோட் வரிசையில் எந்தப் போனை எடுத்துப் பறப்பவரையும் மற்றவர்கள் சந்தேகத்தோடு பார்த்தார்கள். விமானப் போக்குவரத்து இயக்குநரகமும் அந்த வரிசை முழுவதற்கும் எச்சரிக்கை விடுத்தது. உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் அப்படி எச்சரித்தது சரிதான். ஆனால் வயதான பேட்டரி எந்தக் கம்பெனியின் போனிலும் புகையக்கூடும் என்பது அந்தப் பரபரப்பில் பலர் காதில் விழவில்லை.

அடுத்து நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சாம்சங் அழிந்துவிடவில்லை. 2017 ஜூலையில், அதே நோட் 7-ஐ 3,500-க்குப் பதில் 3,200 எம்.ஏ.ஹெச் பேட்டரியோடு, வேறு பெயரில் கொரியாவில் விற்றது. வைத்திருந்த 4 லட்சமும் விற்றுப்போயின. அந்த ஆண்டும் உலகில் அதிக ஸ்மார்ட்போன் விற்ற நிறுவனம் சாம்சங்தான். என்ன பழுது, எப்படி வந்தது என்று படம் போட்டு விளக்கியதும், பணத்தைத் திருப்பிக் கொடுத்ததும் இதற்கு ஒரு காரணம். பழுதே வராத நிறுவனம் என்று ஒன்று கிடையாது என்பதை வாங்குபவர்கள் அறிவார்கள். வந்த பிறகு நம்மை எப்படி நடத்தினார்கள் என்பதை அவர்கள் மறப்பதில்லை.

மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிளின் கதை இருக்கிறது. பேட்டரி பழசாக ஆக அதன் உள்தடை கூடும். போன் திடீரென்று நிறைய மின்சாரம் இழுக்கும்போது, மோட்டார் போட்டதும் வீட்டு விளக்கு மங்குவதைப்போல, மின்னழுத்தம் சட்டென்று இறங்கும். அளவுக்கு மேல் இறங்கினால் போன் தானாக அணைந்துவிடும். ஐபோன் 6, 6எஸ் போன்ற மாடல்களில் இப்படி நடந்தது. 2017 ஜனவரியில் வந்த ஐ.ஓ.எஸ் 10.2.1 அப்டேட்டில், பழைய பேட்டரி உள்ள போன்களின் வேகத்தைக் குறைத்து ஆப்பிள் இதைச் சமாளித்தது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் நியாயமான வழி. ஆனால் வேகம் குறையும் என்பதைப் பயனர்களுக்குத் தெளிவாகச் சொல்லவில்லை. அந்த டிசம்பரில், கீக்பெஞ்ச் என்ற வேகச் சோதனைச் செயலியை உருவாக்கிய ஜான் பூல், தன்னிடம் சேர்ந்த அளவீடுகளை வைத்து இதை வெளிக்கொண்டுவந்தார். ஆப்பிள் ஒப்புக்கொண்டது, மன்னிப்புக் கேட்டது, 2018 முழுவதும் பேட்டரி மாற்றும் விலையைக் குறைத்தது. இந்தியாவில் 6,500 ரூபாய் 2,000 ஆனது. பிரான்சில் 2.5 கோடி யூரோ அபராதம். அமெரிக்காவில் 50 கோடி டாலர் வரை கொடுக்கச் சமரசம்.

அப்போது ஐபோன் வைத்திருந்தவர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்களா என்றால், இல்லை. ஆனால் வேறொன்று நடந்தது. 2019 ஜனவரி 2 அன்று ஆப்பிளின் தலைவர் டிம் குக் முதலீட்டாளர்களுக்கு எழுதிய கடிதத்தில், புது ஐபோன் விற்பனை எதிர்பார்த்ததைவிடக் குறைந்ததற்கான காரணங்களில் ஒன்றாக, குறைந்த விலையில் பேட்டரி மாற்றிக்கொண்டவர்களைக் குறிப்பிட்டார். போன் கிழடாகிவிட்டது என்று நினைத்திருந்த பலர் பேட்டரியை மட்டும் மாற்றிப் பார்த்து, இன்னும் ஓரிரு வருடம் ஓட்டலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். “ஸ்லோ ஆயிடுச்சு, புதுசு வாங்கணும்” என்று நாம் சொல்லும் இடத்தில் பாதி நேரம் தேவைப்படுவது ஒரு பேட்டரிதான் என்று நான் நம்புகிறேன்.

சரி, கோபம் வந்த பிறகும் ஏன் போகவில்லை? பாசம் மட்டும் காரணமில்லை. போகும் வழி அடைபட்டிருந்தது. வாட்ஸ்அப் உரையாடல்களை ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு முறைப்படி மாற்றும் வசதி 2021-இல்தான் வந்தது. எதிர்த் திசையில் 2022-இல். அதுவரை கட்சி மாற நினைத்தவர், இறந்துபோன அப்பாவின் குரல் பதிவு, குடும்பக் குழுவில் பத்து வருடமாகச் சேர்ந்த படங்கள் எல்லாவற்றையும் பணயம் வைக்க வேண்டியிருந்தது. அதோடு கைக்கடிகாரம், இயர்பட்ஸ், காசு கொடுத்து வாங்கிய செயலிகள், பழகிப்போன விரல். இதையெல்லாம் விசுவாசம் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். விரும்பித் தங்குவது வேறு, போக முடியாமல் தங்குவது வேறு.

கதவு திறந்திருந்தால் மக்கள் எவ்வளவு எளிதாகப் போவார்கள் என்பதற்கு இந்தியச் சந்தையே சாட்சி. இங்கே பெரும்பாலோர் ஆண்ட்ராய்டுக்குள்ளேயே மாறுகிறார்கள். கூகுள் கணக்கைப் போட்டால் தொடர்பு எண்களும் படங்களும் வந்துவிடும். ஒரு காலத்தில் சாம்சங்கோடு முதலிடத்துக்குப் போட்டியிட்ட மைக்ரோமேக்ஸ் சில வருடங்களில் காணாமல் போனது. 2017 கடைசியில் ஷாவ்மி சாம்சங்கைத் தாண்டியது. 2024-இல் விவோ முன்னால் நின்றது.

இந்தியாவில் அண்மை ஆண்டுகளில் அதிகம் பேசப்பட்ட ஒரு பழுது, திரையில் வரும் பச்சைக் கோடு. ஓஎல்இடி திரையில் புள்ளிகளின் ஒவ்வொரு வரிசைக்கும் மெல்லிய இணைப்பு வழியாகச் சமிக்ஞை போகிறது. ஓர் இணைப்பு கெட்டால் மேலிருந்து கீழ்வரை அந்த வரிசை முழுவதும் கோடாக எரியும். போன் வேலை செய்யும், கோடு மட்டும் போகாது. ஒன்றிரண்டு வருடத்தில், வாரன்டி முடிந்த பிறகு வருவதுதான் கொடுமை. பழைய மாடலாக இருந்தால் டிஸ்ப்ளே மாற்றும் செலவில் வேறொரு போனே வாங்கிவிடலாம். 2023-இல் ஒன்பிளஸ், 8 ப்ரோ, 8டி, 9, 9ஆர் மாடல்களுக்கு இந்தியாவில் திரைக்கு ஆயுள் வாரன்டி அறிவித்தது. சாம்சங்கும் சில பழைய எஸ் வரிசைப் போன்களுக்கு ஒருமுறை இலவசமாகத் திரை மாற்றிக் கொடுத்தது. நல்ல காரியம்தான். ஆனால் இவை கேட்டவர்களுக்குத்தான் கிடைத்தன. கேட்கத் தெரியாமல் சொந்தக் காசில் மாற்றியவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. 2024 மே மாதம் தென்மாநிலச் செல்போன் கடைக்காரர்களின் சங்கம் ஒன்பிளஸ் விற்பனையை நிறுத்தியபோது, லாபம் குறைவு என்பதோடு வாரன்டி கோரிக்கைகள் இழுத்தடிக்கப்படுவதையும் காரணமாகச் சொன்னது. பழுதான போனோடு வரும் வாடிக்கையாளர் முதலில் கோபப்படுவது கடைக்காரரிடம்தானே.

ஆகவே புதிதாக வாங்கப் போகிறீர்கள் என்றால் “எந்தக் கம்பெனி நல்லது?” என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளி வையுங்கள். நீங்கள் பார்க்கும் மாடல் வந்து சில மாதம் ஆகியிருந்தால் நல்லது. பெரிய குறைகள் அதற்குள் வெளியே வந்துவிடும். உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, அந்த மாடலுக்கு டிஸ்ப்ளேவும் பேட்டரியும் மாற்ற எவ்வளவு ஆகும் என்று வாங்கும் முன்பே விசாரியுங்கள். பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருடம் என்பதும் முக்கியம். கூகுள் பிக்சல் 8-க்கும் சாம்சங் எஸ்24-க்கும் ஏழு வருடம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். குறைந்த விலைப் போன்களில் இது பெரும்பாலும் குறைவு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்கும் புதுப் போன்களின் பேட்டரி 800 முறை சார்ஜ் ஏறிய பிறகும் 80 சதவீதத் திறனோடு இருக்க வேண்டும், உதிரிபாகங்கள் ஏழு வருடம் கிடைக்க வேண்டும், பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்பதைப் பெட்டியோடு வரும் சீட்டில் தரமிட்டுக் காட்ட வேண்டும். பெயரைப் பார்க்காமல் பொருளைப் பார்த்து வாங்க இப்படி ஒரு சீட்டு நமக்கும் வேண்டும்.

இருக்கும் போன் பழுதானால், காசு கொடுக்கும் முன்பு, “இந்தப் பிரச்சினைக்கு இலவசத் திட்டம் ஏதாவது இருக்கா?” என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கும் எழுத்தில் அனுப்புங்கள். பில்லையும் ஜாப் ஷீட்டையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நியாயம் கிடைக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. படங்களையும் உரையாடல்களையும் அவ்வப்போது பேக்கப் எடுத்து வைத்தால், அடுத்த போன் எந்தக் கம்பெனி என்று நீங்கள் சுதந்திரமாக முடிவு செய்யலாம். பேட்டரி உப்பிப் பின்மூடி தூக்கிக்கொண்டிருந்தால் மட்டும் எதற்காகவும் காத்திருக்க வேண்டாம். சார்ஜ் போடாதீர்கள், அழுத்தி மூடாதீர்கள், தலையணைப் பக்கம் வைக்காதீர்கள். அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோங்கள்.