பெயரில் தங்கிய மொழி: ஆங்கிலோ சீனப் பள்ளியின் வரலாறு

ஒரு பள்ளியின் வரலாற்றை எழுதுவோர் தோற்றுவித்தவர், கட்டடம், வசதிகள் என்னும் வரிசையில் எழுதுவது வழக்கம். நாமும் அவ்வரிசையையே பின்பற்றுகிறோம். ஆயினும் அதனோடு மொழியையும் சேர்த்துக்கொள்கிறோம். சிங்கப்பூரில் மெதடிஸ்டுத் திருச்சபையினர் ஆண்களுக்கென நிறுவிய ஆங்கிலோ சீனப் பள்ளி, தன் பெயரிலேயே இரு மொழிகளைத் தாங்கி நிற்பது. அவற்றுள் ஒன்று வகுப்பறையில் ஓங்கியது. மற்றொன்று பெயரில் தங்கியது. இது நிகழ்ந்த விதத்தை அறிவது, தமிழ் கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் பயன் தரும்.

தோற்றம்

பள்ளியை நிறுவிய வில்லியம் ஓல்டம் 1854இல் பெங்களூரில் பிறந்தவர். நில அளவைப் பணியில் இருந்து பின்னர்த் திருப்பணிக்கு வந்தவர். 1885இல் சிங்கப்பூர் வந்த அவர், சீனர்கள் கூடி உரையாடும் மன்றம் ஒன்றில் வானியல் பற்றிச் சொற்பொழிவு ஆற்றினார். அதன்வழி அறிமுகமான வணிகர் டான் கியோங் சாயிக், தமக்கு ஆங்கிலம் கற்பிக்குமாறு அவரை வேண்டினார். அத்தொடர்பே பள்ளியாக விரிந்தது. பொதுச் சொற்பொழிவு ஒன்றே பள்ளிக்கு வித்தாயிற்று என்பது, இச்சொற்பொழிவு வரிசையைப் படிப்போர்க்கு உவப்பான செய்தியாகும்.

1886 மார்ச் 1ஆம் நாள், அமோய் தெருவின் 70ஆம் எண் கடைவீட்டில் 13 மாணவர்களுடன் பள்ளி தொடங்கிற்று. காலையில் சீனமும் பிற்பகலில் ஆங்கிலமும் கற்பிக்கப்பட்டமையால் 'ஆங்கிலோ சீன' என்னும் பெயர் அமைந்தது. அடுத்த ஆண்டிலேயே மாணவர் தொகை 104 ஆக உயர, கடைவீடு போதாமல் கோல்மன் தெருவுக்குப் பள்ளி இடம்பெயர்ந்தது.

அமோய் தெருவுக்கு அடுத்துள்ள தெலுக் ஆயர் தெருவில், தமிழ் முஸ்லிம்களின் அல் அப்ரார் பள்ளிவாசல் அதற்கு முன்பே இருந்தது. தமிழர் அதனைக் 'குச்சுப் பள்ளி' என வழங்கினர். 'பள்ளி' என்னும் சொல் தங்குமிடத்தையும், சமண, பௌத்தத் துறவியரின் உறைவிடத்தையும் குறித்துப் பின்னர்க் கல்விக்கூடத்துக்கும் தொழுமிடத்துக்கும் உரியதாயிற்று. ஆக, அடுத்தடுத்த இரு தெருக்களில் தொழுகைக்கு ஒரு பள்ளியும் கல்விக்கு ஒரு பள்ளியும் இருந்தன. சொல் ஒன்று, பொருள் வேறு. பெயர் மாறாமல் நிற்கப் பொருள் மாறிவிடும் என்னும் இவ்வுண்மையை நாம் மனத்திற்கொள்ளல் வேண்டும்.

கட்டடங்களும் வசதிகளும்

பள்ளியின் வளர்ச்சியை அதன் இடமாற்றங்களே காட்டுகின்றன. கோல்மன் தெருவில் 1906ஆம் ஆண்டளவில் எழுந்த பள்ளிக் கட்டடம் ஒன்று 1995இல் அஞ்சல்தலை அருங்காட்சியகமாக மாறிற்று. 2022 முதல் சிறுவர் அருங்காட்சியகமாக விளங்குகிறது. 1928இல் கேர்ன்ஹில் சாலையிலும், 1950 வாக்கில் பார்க்கர் சாலைக் குன்றிலும் பள்ளி கால் ஊன்றியது. 1988இல் அது சுயேச்சைப் பள்ளித் தகுதி பெற்றது. 1990களின் தொடக்கத்தில் சுயேச்சைப் பள்ளி டோவர் சாலைக்குச் செல்ல, பார்க்கர் சாலையில் 1994 முதல் மற்றோர் உயர்நிலைப் பள்ளி அதே மரபில் இயங்கி வருகிறது.

கடைவீட்டுப் பள்ளிக்கு இருந்தவை சில அறைகளே. இன்றைய வளாகங்களிலோ ஆய்வுக்கூடங்கள், நூலகம், கலையரங்கம், விளையாட்டுத் திடல், நீச்சல் குளம் என அனைத்தும் உள்ளன. வெளியூர் மாணவர் தங்கிப் பயிலும் விடுதி மரபும் தொடக்க ஆண்டுகளிலேயே உருவாயிற்று. நிறுவுநர் பெயர் தாங்கிய ஓல்டம் விடுதி இன்று பார்க்கர் சாலையில் உள்ளது. அங்கேயே மெதடிஸ்டுத் தேவாலயம் ஒன்றும் இருப்பதால், பள்ளியின் சமயப் பின்புலம் கண்ணுக்குப் புலனாகும்.

மொழி பெயரில் தங்கியது எவ்வாறு?

குடியேற்ற ஆட்சிக் காலத்தில் அரசு அலுவலகங்களிலும் வணிக நிறுவனங்களிலும் வேலை பெற ஆங்கிலமே வாயிலாக இருந்தது. பெற்றோர் விழைந்ததும் அதனையே. எனவே பள்ளி ஆங்கிலவழிப் பள்ளியாக வளர்ந்தது. பிற இன மாணவரும் சேர்ந்தனர். காலைச் சீனம் மறைந்தபின்னும் 'சீன' என்னும் சொல் பெயரில் நிலைத்தது.

இதற்கு நம் மொழியிலேயே சான்றுண்டு. எள்ளின் நெய்யே 'எண்ணெய்'. இன்று தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் என்கிறோம். எள் அங்கு இல்லை. ஆயினும் அச்சொல்லைப் பிரித்துப் பார்த்தால் பழைய பொருள் வெளிப்படுகிறது. பள்ளியின் பெயரும் அத்தகையதே.

பெயரிலும் தங்காத மொழியும் உண்டு. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சோபியா பிளாக்மோர், 1887 ஆகஸ்ட் 15ஆம் நாள் ஷார்ட் தெருவின் கடைவீட்டில் ஒன்பது இந்தியச் சிறுமியருடன் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அதன் முதற்பெயர் 'தமிழ்ப் பெண்கள் பள்ளி'. அதுவே இன்றைய மெதடிஸ்டுப் பெண்கள் பள்ளி. ஓராண்டு இடைவெளியில், ஒரே திருச்சபையின் முயற்சியால் எழுந்த இரு பள்ளிகளுள், ஒன்றன் பெயரில் சீனம் நிலைத்தது. மற்றொன்றன் பெயரில் தமிழ் நிலைக்கவில்லை. இதனைக் குறையாகச் சொல்லவில்லை; அப்பள்ளி எல்லா இனச் சிறுமியர்க்கும் உரியதாயிற்று. எனினும் அதன் தொடக்கம் தமிழ்ச் சிறுமியரோடு பிணைந்தது என்பதை நம் மாணவர் அறிந்திருத்தல் வேண்டும்.

வசதி என்பது யாது?

சிங்கப்பூரில் 1966இல் உயர்நிலைப் பள்ளிகளில் இரண்டாம் மொழி கட்டாயப் பாடமாயிற்று. ஆங்கிலவழிப் பள்ளிகளுக்குள் தாய்மொழி மீண்டும் வந்தது. ஆனால் ஒரு பள்ளியில் தமிழ் பயில்வோர் சிலரே எனின், அவர்களுக்கெனத் தனி வகுப்பும் ஆசிரியரும் அமைவது எளிதன்று. 1982இல் உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி மூடப்பட்டபின், 1983இல் அப்பெயரிலேயே தமிழ்மொழி நிலையம் தொடங்கப்பெற்றது இத்தேவை கருதியே. பல பள்ளிகளின் மாணவர் தம் பள்ளி முடிந்தபின் பயணம் செய்து அங்குத் தமிழ் பயில்கின்றனர். உடன் பயில்வோர் திடலுக்கும் நீச்சல் குளத்துக்கும் செல்லும் வேளையில் பேருந்து ஏறும் அம்மாணவனுக்குத் தமிழ் கூடுதல் சுமையாகத் தோன்றினால் அது வியப்பன்று.

ஆகவே ஒரு பள்ளியின் வசதிகளை எண்ணும்போது, மாணவனின் தாய்மொழிக்குப் பாடநேரத்துக்குள் ஓர் அறை உண்டா, நூலகத்தில் தமிழுக்கு ஓர் அலமாரி உண்டா என்பவற்றையும் எண்ணுதல் வேண்டும். பெரிய செலவின்றி ஆசிரியர் செய்யக்கூடிய பணிகளும் உள. தம் பள்ளியின் வரலாற்றைத் தமிழில் இரு பக்க அளவில் எழுதுமாறு மாணவரைத் தூண்டலாம். பெயர் எங்கிருந்து வந்தது, முதல் மாணவர் என்ன மொழி பேசினர், முதற்கட்டடம் இன்று என்னவாயிற்று என வினவச் செய்யலாம். அவ்வினாக்களைத் தமிழில் கேட்டுத் தமிழில் விடை எழுதும் மாணவனுக்கு, தான் பயிலும் பள்ளியைப் பற்றிப் பேசவும் உரிய மொழியாகத் தமிழ் அமையும்.