பூச்சிகளின் ஒளிப்படம் சான்றாகும் நிலை: குவியமும் ஃபிளாஷ் ஒளியும் – சென்னை முசுறு எறும்பை முன்வைத்து

முன்னுரை

1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கிண்டிக் காட்டில், உரிய அனுமதியின்றி எவ்வுயிரையும் பிடித்துச் சேகரிக்க இயலாது. ஆகவே சென்னையில் பூச்சிகளை ஆய்வோர் பலருக்கு ஒளிப்படமே முதன்மை ஆவணமாகிறது. அப்படம் அழகாக இருந்தால் போதாது. இனத்தை உறுதிசெய்யும் உறுப்புகள் அதில் தெளிவாகத் தெரிதல் வேண்டும். குவியமும் ஒளியும் இத்தெளிவை எவ்வாறு தீர்மானிக்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

முசுறும் அதன் போலியும்

மாமர இலைகளைத் தன் இளம்புழுக்கள் சுரக்கும் பட்டிழையால் இணைத்துக் கூடு கட்டும் செந்நிற எறும்பே முசுறு. அதன் பெரிய வேலைக்கார எறும்பு ஏறத்தாழ 8 முதல் 10 மி.மீ. நீளமுடையது. இதே நிறமும் வடிவும் கொண்டு இதனருகே வாழ்வது ‘மிர்மாபிளாட்டா பிளாட்டலியாய்டஸ்’ என்னும் தாவும் சிலந்தி. அது தன் முன்னங்கால்களை உயர்த்தி, அவற்றை உணர்கொம்புகள் போலக் காட்டும். எறும்புக்குக் கால்கள் ஆறு, உணர்கொம்புகள் இரண்டு. சிலந்திக்குக் கால்கள் எட்டு, உணர்கொம்பு இல்லை, முகத்தின் முன்புறம் இரு பெருங்கண்கள் உண்டு. உடலின் நடுப்பகுதி மட்டும் தெளிவாகவும் தலையும் முன்னங்கால்களும் மங்கலாகவும் உள்ள படம், சிலந்தியை எறும்பாகப் பதிவுசெய்யும் பிழைக்கு வழிவகுக்கும்.

குவியம்

பொருளின் உண்மை அளவே உணரியில் பதியும் 1:1 உருப்பெருக்கத்தில், 36 × 24 மி.மீ. உணரியுடைய கேமராவில் எஃப்/8 துளையில் கிடைக்கும் குவிய ஆழம் ஏறத்தாழ 1 மி.மீ. மட்டுமே. எஃப்/16இல் அது இரட்டிப்பாகும். ஆயினும் இவ்வுருப்பெருக்கத்தில் துளையின் பயனுறு மதிப்பு எஃப்/32 ஆகிவிடுவதால், ஒளியின் விளிம்பு விலகல் நுண்விவரங்களை மழுங்கச் செய்யும். எனவே எஃப்/8 முதல் எஃப்/11 வரையிலான துளை ஏற்றது.

தானியங்கிக் குவியத்தை நிறுத்தி, உருப்பெருக்கத்தை லென்சில் முன்கூட்டியே நிலைநிறுத்தியபின், உடலை மெல்ல முன்பின் அசைத்துக் கண் தெளிவுறும் கணத்தில் படமெடுத்தல் வேண்டும். பூச்சியின் பக்கவாட்டு உடல் உணரிக்கு இணையாக அமைந்தால், அதன் நீளம் முழுவதும் ஒரே தளத்தில் அடங்கும். ஒரு படத்தில் எல்லா உறுப்பும் அடங்காது; ஆகவே பக்கவாட்டு, முகம், மேற்புறம் ஆகிய மூன்று படங்கள் தேவை. பல படங்களை அடுக்கி ஒன்றாக்கும் முறை அசையாத உயிருக்கே பொருந்தும். மார்கழி விடியலின் குளிரில் பூச்சிகள் மெதுவாக இயங்குவதால், அப்பொழுது அதற்கு வாய்ப்பு மிகும்.

ஃபிளாஷ் ஒளி

1:1 நிலையில் உணரியை அடையும் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. மரநிழலில் ஃபிளாஷ் இன்றியமையாததாவது இதனாலேயே. கேமராவின் ஷட்டர் வேகம் ஃபிளாஷுடன் பெரும்பாலும் 1/200 நொடி அளவிலேயே நின்றுவிடும். ஆனால் குறைந்த ஆற்றலில் ஃபிளாஷ் எரியும் நேரம் 1/10,000 நொடிக்கும் குறைவாகலாம். சூழல் ஒளி மிகக் குறைவாக இருக்கும்போது அக்குறுநேரமே அசைவை உறையச் செய்கிறது.

100 மி.மீ. லென்சின் முனைக்கும் பூச்சிக்கும் இடையே ஏறத்தாழ 15 செ.மீ. இடைவெளியே உள்ளமையால், கேமராவோடு இணைந்த சிறு ஃபிளாஷின் ஒளியை லென்ஸ் மறைத்து நிழலிடும். தனி ஃபிளாஷை முன்நகர்த்தி, வெண்தாள் போன்ற ஒளிபரப்பியை இடையில் வைத்தல் நன்று. வழவழப்பான மேலுறையில் வெள்ளைப் புள்ளிகள் எரிந்து போகாமல், நிறமும் நுண்மயிர்களும் தெளியும். ஒளிபரப்பியிலிருந்து 10 செ.மீ. தொலைவில் பூச்சியும் 30 செ.மீ. தொலைவில் பின்னணி இலையும் இருப்பின், இலை பெறும் ஒளி ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கே. வாழிடச் சான்று கருமையில் மறையாதிருக்க, பூச்சிக்கு அணித்தே இலை அமையும் கோணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முடிவுரை

குவியத் தளம் எங்கு விழுகிறது, ஒளி எத்திசையிலிருந்து வருகிறது என்பன கலைநுட்பம் சார்ந்த வினாக்கள் மட்டுமல்ல. அவை தரவின் நம்பகத்தன்மையையும் தீர்மானிப்பவை. இனப்பெயரை எழுதுமுன் கால்களை எண்ணத்தக்க படம் இருக்கிறதா என வினவும் வழக்கம், நகரப் பூச்சியியல் பதிவுகளின் தரத்தை உயர்த்தும்.